எண்ணூத்திப் பத்து

அன்று சிங்கப்பூரில் பிற்பகல் மணி ஒன்று பன்னிரண்டு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதே நிமிடத்தில் நம் சின்னமனூரில் காலை பத்து நாற்பத்திரண்டு. நல்ல வெயில், பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டு போகிற ஆனி மாதக் காற்று. மழையை ஜன்னலில் பார்த்தேன், காற்றைக் கைப்பேசியில் பார்த்தேன். அந்தக் கைப்பேசியில்தான் என் மானம் போனதையும் பார்த்தேன்.

சொல்கிறேன் அம்மா. நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் சிங்கப்பூரில் செவிலியர் வேலைக்குப் போயிருக்கிறாள். மாதம் பிறந்தால் பணம் அனுப்புவாள். செலவு குறைவாகவும் நம்பிக்கையாகவும் உள்ள நிறுவனம் எது என்று கேட்டீர்கள். பெயரைச் சொன்னால் போதும் என்கிறீர்கள். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாய் இன்னும் வரவில்லை, இந்தப் பேருந்து மதுரை சேர நேரம் இருக்கிறது. இறங்கும்போது பெயரை எழுதியே தருகிறேன்.

நான் எழுத்துத் தமிழில் பேசுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது, தெரிகிறது. என் பெயர் மரகதவல்லி. அங்கே ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. யாழ்ப்பாணத்துப் பெரியவர் வருவார், ஈப்போவிலிருந்து ஓர் அம்மா வருவார், அறந்தாங்கிக்காரர் வருவார். 'சாப்பாட்டுக்கு முன் ஒன்று' என்பது எல்லாருக்கும் ஒன்றுபோல் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் ஆள் போய்விடுவார். அப்படிப் பேசிப் பேசிப் பழகிவிட்டது.

அன்று என் தம்பி சோலைராஜின் மகளுக்குக் காதணி விழா. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மதிய உணவு நேரத்தில் மருந்தகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தம்பியின் மச்சினன் நேரலையில் காட்டிய விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மொய்யை எழுதுவது மட்டுமில்லை, மைக்கில் வாசிப்பார்கள். யார், எந்த ஊர், என்ன முறை, எவ்வளவு. ஐநூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று, ஐயாயிரத்து ஒன்று. கடைசியில் அந்த ஒன்று வந்தாக வேண்டும். எழுதி வாசித்துவிட்டால் பிறகு திருத்தக்கூடாது. மொய்யைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலோ, அந்த வீட்டு வாசல் நமக்கு அதோடு அடைபட்டது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மைக்காரர் வாசித்தார். "சிங்கப்பூர் மரகதவல்லி, பிள்ளைக்கு அத்தை முறை..." அங்கே ஒரு நொடி நிறுத்தினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். பிறகு வாசித்தார். "ஒம்பதாயிரத்து எண்ணூத்திப் பத்து!"

பத்தாயிரத்து ஒன்று வரவேண்டிய இடம் அது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தம்பி மனைவி முத்துப்பேச்சியின் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல், "வரி பிடிச்சது போகவா?" என்றது. மண்டபமே சிரித்தது. இன்னொருத்தி, "சிங்கப்பூர்ல ஆடித் தள்ளுபடி முன்னாடியே வந்துருச்சு போல" என்றாள். படம் பிடித்துக்கொண்டிருந்த பையனின் கை ஆடியது. அவனும் சிரிக்கிறான் என்று அர்த்தம். அன்று மாலைக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணூத்திப் பத்து அத்தை.

இப்போது அந்தத் தொகை எப்படி அப்படி ஆனது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணமானவர் என் சொந்த அத்தான். அக்கா தெய்வானையின் கணவர், தனுஷ்கோடி.

அத்தான் சிங்கப்பூரில், நம் ஆட்கள் கூடுகிற தேக்காப் பக்கம் பணம் அனுப்பும் கடை வைத்திருந்தார். முறையாக உரிமம் வாங்கிய கடை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் பெரிய பலகை. 'ஊருக்குப் பணம் அனுப்பக் கட்டணமே இல்லை.' நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். அவரிடம் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மொய்ப் பணம். அங்கே கட்டிவிட்டால், இங்கே அவருடைய ஆள் செண்பகமூர்த்தி அந்தத் தொகையைக் கவரில் போட்டு, பெயர் எழுதி, நேராக மண்டபத்துக்கே கொண்டுபோய் மொய் மேசையில் வைத்துவிடுவான். முகூர்த்த நாளென்றால் கம்பத்துக்கும் போடிக்கும் இடையே வண்டியில் பறந்துகொண்டிருப்பான். நானும் பல வருடம் அவரிடம்தான் அனுப்பினேன். எவ்வளவு கொடுத்தாலும் ஊரில் ஒன்றில் முடிகிற தொகையாகப் போய்ச் சேர்ந்துவிடும். எப்படி என்று நான் கேட்டதில்லை. உறவுக்காரரிடம் என்ன கேட்பது?

அந்தக் காதணி விழாவுக்கு முந்தைய வாரம்தான் முறையாகக் கணக்குப் போட்டேன். நாளிதழில் ஒரு வெள்ளிக்கு அறுபத்திரண்டு ரூபாய் நாற்பது காசு என்று போட்டிருந்தது. அங்கே டாலரை வெள்ளி என்போம். அந்த விலைப்படி பத்தாயிரத்து ஒன்றுக்கு நூற்று அறுபது வெள்ளி முப்பது காசு போதும். சில்லறை உட்படச் சரியாக எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

அத்தான் பார்த்தார். "இன்னும் ஒரு நாலு வெள்ளி குடு மரகதம், சரியா வரும்" என்றார்.

"எதற்கு அத்தான்? கட்டணமே இல்லை என்று நீங்கள்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

"கட்டணம் இல்லத்தா. வெல இருக்குல்ல, வெல. நம்ம கடையில இன்னைக்கு அறுவத்தொண்ணு இருவது."

"அப்படியானால் பலகையில் அதை அல்லவா எழுத வேண்டும்?"

எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர் முகம் சிவந்தது. "சரி விடு, இருக்கதக் குடு. நான் பாத்துப் போட்டுக்கிறேன்" என்றார்.

'பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்.' இந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்காது. மருந்தில் யாராவது பார்த்துப் போடுவார்களா? நான் சொன்னேன்: "எனக்குச் சலுகை வேண்டாம் அத்தான். கணக்கு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

இதில் ஏதாவது தவறான வார்த்தை இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? சொன்னபடியே செய்தார். அவருடைய விலையில், அவருடைய கணக்கில், ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்து.

மண்டபத்திலிருந்து செண்பகமூர்த்தி போன் போட்டிருக்கிறான். "அண்ணே, தொகை கோணலா இருக்கே, வழக்கம்போல நம்ம கையிலருந்து போட்டு ஒண்ணுல முடிச்சுரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "வேணாம். அது கணக்குப்படின்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அப்புறம் அதுக்கும் சண்டைக்கு வரும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இது அக்கா எனக்குச் சொன்னது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அது வாக்குமூலமாகக் கேட்டது. வழக்கம்போல என்றால் என்ன பொருள்? அத்தனை வருடமும் கையிலிருந்து போட முடிந்தது என்றால், அத்தனை வருடமும் எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்?

என் கணவர் கணக்கில் அவ்வளவு கெட்டி இல்லை. "நூத்தித் தொண்ணூத்தி ஒரு ரூவா. மூணு வெள்ளி சொச்சம், மரகதம். அதுல ஒரு தட்டு கோழிச் சோறுகூட வராது" என்றார். அவருக்கு நான் அன்று சோறும் போடவில்லை, கோழியும் போடவில்லை.

கோபத்தில் கத்துகிறவள் இல்லை நான். கத்துகிறவர்களுக்குக் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் உங்கள் மகளுக்கு வேண்டிய விஷயம் வருகிறது, கவனமாகக் கேளுங்கள். வங்கி, தேக்காவில் உள்ள கடைகள், கைப்பேசிச் செயலிகள் என்று ஒன்றையும் விடாமல் எல்லாவற்றிலும் பணம் அனுப்பிப் பார்த்தேன். எல்லாம் தம்பி கணக்குக்குத்தான். 'என்னக்கா, அம்பது வெள்ளி அம்பது வெள்ளியாப் பிச்சுப் பிச்சு அனுப்புற' என்று அவன் முதலில் பதறினான், பிறகு பழகிக்கொண்டான். வங்கியில் கட்டணம் தனி; நடுவில் இன்னொரு வங்கி கை வைக்கும், அது எவ்வளவு என்று பணம் போய்ச் சேரும்வரை யாருக்கும் தெரியாது. கடைகளில் விலை காலையில் ஒன்று, சம்பள நாள் மாலையில் ஒன்று. செயலிகளில் முதல் தடவை மட்டும் தேன் போல விலை கொடுப்பார்கள். இரண்டாம் தடவை பாருங்கள், தெரியும். அதனால் எதையும் மூன்று தடவையாவது அனுப்பிப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. கட்டணம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. நூறு வெள்ளி கொடுத்தால் ஊரில் கையில் எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் போகக்கூடாது. உரிமம் உள்ளதா என்று அரசாங்கப் பட்டியலில் நாமே பார்க்க வேண்டும், அவர்கள் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கக்கூடாது.

நம்பிக்கையைச் சோதிப்பதற்கு வேறு வழி வைத்திருந்தேன். வேண்டுமென்றே கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டு அனுப்புவேன். பணம் போய்ச் சேராது. திரும்பி வரும்போதுதான் ஒரு நிறுவனத்தின் குணம் தெரியும். ஒன்றில் திருப்பித் தருவதற்கே கட்டணம் பிடித்தார்கள். ஒன்றில் போனை எடுக்கவே ஆள் இல்லை. ஒரே ஒரு நிறுவனம் முழுத் தொகையையும் திருப்பிப் போட்டு, எண் தவறு என்று அவர்களே கூப்பிட்டும் சொன்னார்கள். அவர்களிடம் இன்னொரு நல்ல முறையும் உண்டு. எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று கேட்பதில்லை. ஊரில் எவ்வளவு சேர வேண்டும் என்று கேட்கிறார்கள். நாம் சேரும் தொகையை எழுதினால், அது ஒரு ரூபாய் பிசகாமல் போய்ச் சேரும். இந்தச் சோதனைகளில் எனக்கு நட்டம் மொத்தம் நூற்று முப்பது வெள்ளிதான்.

பிறகு வேலையைத் தொடங்கினேன்.

சிங்கப்பூரில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஒவ்வொரு ஞாயிறு காலையும் அதில் ஒரு செய்தி போடுவேன். 'இன்று ஆயிரம் வெள்ளி அனுப்பினால் ஊரில் கையில் கிடைப்பது.' கீழே வரிசையாக நிறுவனங்கள், எதிரே தொகை. அதிகம் தருவது மேலே, குறைவாகத் தருவது கீழே. கடைசி வரியில் எப்போதும் அத்தான் கடைதான். நான் ஒரு கெட்ட வார்த்தை எழுதியதில்லை. விளக்கம்கூட எழுதியதில்லை. எண் மட்டும்தான்.

ஞாயிறு மாலைகளில் அவர் கடைக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் போய் உட்காருவேன். வருகிற பையன்களுக்கு என்னைத் தெரியும். "அக்கா, இன்னைக்கு எது மேல?" என்று கேட்பார்கள். கைப்பேசியை வாங்கி, எப்படி அனுப்புவது என்று காட்டிக் கொடுப்பேன். பெயிண்ட் அடிக்கிறவன், கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன், எல்லாருக்கும் மாதம் பன்னிரண்டு வெள்ளி, பதினைந்து வெள்ளி மிச்சம். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள் அம்மா. எதிர்க் கடையில் வரிசை குறைந்துகொண்டே வந்தது. நான் காப்பியை ஆறவிட்டுக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு ருசியான காப்பியை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

ஒரு நாள் அத்தான் சாலையைக் கடந்து வந்தார். என் எதிரே உட்கார்ந்தார்.

"பலகையக் கழட்டிட்டேன் மரகதம், பாத்தியா?"

"பார்த்தேன் அத்தான்."

"வெலயயும் ஏத்திட்டேன். இதுக்கு மேல ஏத்துனா வாடகைக்குக் காணாது. அந்த ஞாயித்துக்கெழமை செய்திய நிறுத்திரு. எண்ணு எண்ணாப் போட்டு ஆளக் கொல்லாத."

"நான் உங்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? உங்கள் கடை தருகிற தொகையைத்தான் எழுதுகிறேன்."

அவர் என் கோப்பையை ஓரமாக நகர்த்திவைத்தார். "ஊருல சாவு வுழுந்தா, ஆசுபத்திரின்னா, என் ஆளு பணத்தக் கையில கொண்டுபோயிக் குடுத்தான்ல? பேங்க் இல்லாத நாளுல? அத எந்த வரியில போட்டுருக்க?"

"அதற்கு எண் இல்லையே அத்தான். எப்படிப் போடுவது?"

அவர் எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது எங்கள் அப்பாவை மனதில் வைத்துத்தான், எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது ஒரு ஞாயிறு. நான் அத்தான் முன்னால் அழுதுகொண்டு நின்றேன். பணம் கட்டக்கூடச் சொல்லாமல், கடையில் உட்கார்ந்த இடத்திலேயே போனைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் செண்பகமூர்த்தி தேனி ஆஸ்பத்திரியில் ஒரு லட்சம் கட்டிவிட்டான். அதற்கு நான் நன்றி அன்றே சொல்லிவிட்டேன். பணத்தையும் மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட்டேன். அதில் பாக்கி ஒன்றும் இல்லை.

தை மாதத்துக்குள் கடையைக் காலி செய்துவிட்டு அத்தான் ஊருக்கே வந்துவிட்டார். இப்போது சின்னமனூரில் செல்போன் ரீசார்ஜ் கடை. என்னால்தான் மூடினார் என்று அக்கா வீட்டில் பேசுகிறார்களாம். நான் மூடவில்லை. நான் கூட்டிக் கழித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

இத்தோடு விட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. எப்படி விடுவது? கடை போனது பையன்களுக்கு லாபம். எனக்கு என்ன கிடைத்தது? ஊரில் இன்னும் எண்ணூத்திப் பத்து அத்தைதானே நான்? போன வருடம் தம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு வாண்டு, என் முறை என்னவென்றே தெரியாத வாண்டு, "எண்ணூத்திப் பத்து வந்துருக்கு" என்று கத்திக்கொண்டு ஓடியது. மைக்கில் போனதை மைக்கில்தான் வாங்க வேண்டும்.

அக்கா மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். பத்திரிகை வந்தது. அக்கா போனில், "எல்லாத்தயும் மனசுல வச்சுக்காத மரகதம். நீ சித்தி. நீ வந்து நின்னாதான் எனக்கு நெறவு" என்றாள். வருகிறேன் என்றேன். அன்றிரவே விமானச் சீட்டு எடுத்தேன்.

நான் தேர்ந்தெடுத்த அந்த நிறுவனத்தின் அருமை அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. சேர வேண்டிய தொகை என்ற கட்டத்தில் எழுதினேன்: ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்து. வேறு எந்த நிறுவனத்தில் இதைச் செய்திருக்க முடியும்? ஒன்றில் எண்ணூற்று மூன்று ஆகியிருக்கும், ஒன்றில் எண்ணூற்று இருபது. பழிக்குப் பழி என்றால் அது ரூபாய் பிசகாமல் இருக்க வேண்டாமா? தம்பி கணக்குக்குப் போனது. எடுத்துக் கவரில் போட்டு, சிங்கப்பூர் மரகதவல்லி என்று எழுதி, மொய் மேசையில் வைக்கச் சொன்னேன்.

அவன் எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "என்னக்கா, மறுபடி கோணலா வந்துருக்கு? கம்பெனிக்காரன் புடிச்சுட்டானா? நான் போட்டு ஒண்ணுல முடிச்சுரவா?"

"ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதே."

"அக்கா... அது பெரியக்கா வீட்டுக் கல்யாணம்க்கா. அந்தப் புள்ள கல்யாணம்."

"தெரியும். வை."

நேற்றுக் காலை முகூர்த்தம். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில், மொய் மேசை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மேசையில் எழுதுகிறவன் யார் என்று நினைக்கிறீர்கள்? செண்பகமூர்த்தி. கடை போன பிறகு அவன் இப்போது மொய் எழுதும் வேலைக்குத்தான் போகிறான். வாசிப்பவர் அதே மைக்காரர். எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

தம்பி கவரை வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பந்திப் பக்கம் போய்விட்டான். செண்பகமூர்த்தி கவரைப் பிரித்தான், எண்ணினான், மறுபடியும் எண்ணினான். தலையைத் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அத்தானைப் பார்த்தான். அத்தான் வந்தார். கவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் கை அப்படியே நின்றது. நான் பார்க்க இரண்டு வருடம் காத்திருந்த முகம் அது.

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். நூறு ரூபாய் நோட்டு ஒன்று. பிறகு ஐம்பது. பிறகு இருபது, இரண்டு நோட்டு. பக்கத்துத் தட்டில் கிடந்த ஒரு ரூபாய்க் காசு. செண்பகமூர்த்தி கையில் வைத்துவிட்டு, வாசலுக்குத் திரும்பிப் போய்ச் சந்தனத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

மைக்காரர் முழங்கினார். "சிங்கப்பூர் மரகதவல்லி, பெண்ணுக்குச் சித்தி முறை, பத்தாயிரத்து ஒண்ணு!"

நீங்களே சொல்லுங்கள், இது அநியாயம் இல்லையா? ஒரு முறை குறைத்து அவமானப்படுத்தினார், மறுமுறை கூட்டி அவமானப்படுத்துகிறார். என் பெயரில், என்னைக் கேட்காமல், அவர் கைக்காசு! என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து மேசைக்குப் போனேன்.

"தவறாக வாசித்துவிட்டீர்கள். திருத்தி வாசியுங்கள்" என்றேன்.

"கூட்டித்தான்மா வாசிச்சிருக்கேன், கொறச்சா வாசிச்சேன்?" என்றார் மைக்காரர்.

செண்பகமூர்த்தி, "அக்கா, வேணாம்க்கா. அண்ணன்தான்..." என்று மெதுவாகச் சொன்னான்.

நான் மைக்கை வாங்கிக்கொண்டேன். தெளிவாக, எல்லா ஊர்க்காரருக்கும் விளங்கும்படி சொன்னேன்: "நான் சிங்கப்பூர் மரகதவல்லி. நான் அனுப்பிய மொய் பத்தாயிரத்து ஒன்று அல்ல. ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்து. அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அட, எண்ணூத்திப் பத்து அத்தைடி!" என்றது. உடனே மண்டபம் முழுக்கச் சத்தம். கை தட்டினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். சிரித்தார்கள் என்று தம்பி சொல்கிறான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காது சரியில்லை.

இலக்கியா மணமேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். மாலை கழுத்தில் கனமாக இருந்ததனாலோ என்னவோ, உடனே குனிந்துகொண்டாள்.

செண்பகமூர்த்தி எழுதியதை அடித்துத் திருத்தினான். நூற்றுத் தொண்ணூற்று ஒன்றை எண்ணி அத்தானிடம் கொடுத்தான். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் பதில் தயாராக வைத்திருந்தேன், வரிசைக்கிரமமாக.

"சாப்ட்டியா மரகதம்?" என்றார். "ரெண்டாம் பந்தி ஓடிக்கிட்டுருக்கு. போயி உக்காரு, பாயாசம் தீந்துரும்."

அவ்வளவுதான். தோற்றவருக்கு வேறு என்ன பேச வரும்?

நேற்றைய கதை அது. இன்று காலையா? இன்று காலை இலக்கியாவும் மாப்பிள்ளையும் விடியும் முன்பே குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். நான் எழுந்தபோது கார் போய்விட்டது. செண்பகமூர்த்திக்கு உத்தமபாளையத்தில் வேறொரு கல்யாணம். தம்பி என் பெட்டியைத் தூக்கி வந்து பேருந்தில் ஏற்றினான். எப்போதும் 'போயிச் சேந்ததும் போன் போடுக்கா' என்பான். இன்று ஒன்றும் சொன்ன மாதிரி இல்லை. பேருந்து இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்காது. அத்தான் மண்டப வாசலில் வாடகைப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். பேருந்து தாண்டும்போது ஓர் அண்டாவை இறக்கிவைத்துவிட்டுக் கையை ஆட்டினார். எனக்கா, ஓட்டுநருக்கா தெரியவில்லை.

அக்கா ஆறு மணிக்கே தம்பி வீட்டுக்கு வந்தாள். நேற்றுக் கட்டிய பட்டுப் புடவையை இன்னும் மாற்றவில்லை. என் பெட்டியின் மேல் ஒரு கவரை வைத்தாள்.

"ஒம்பதாயிரத்து எண்ணூத்திப் பத்து. எண்ணிப் பாத்துக்க."

நான் எண்ணினேன். அவள் எதிரிலேயே எண்ணினேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. கணக்கில் அக்கா எப்போதும் சுத்தம். அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு.

"சரியாக இருக்கிறது அக்கா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். காப்பி கலந்துகொண்டு வந்த முத்துப்பேச்சியிடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். தெருமுனை வரை பார்த்தேன். திரும்பவில்லை. கால் வலி அவளுக்கு. திரும்பி நின்று பார்ப்பதெல்லாம் முடியாது.

பாருங்கள், இத்தனை நிறுவனங்களில் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். கடலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்ட பணம் பிடித்தம் இல்லாமல் முழுதாக என் கைக்கே திரும்பி வந்தது இதுதான் முதல் முறை. இதை விமான நிலையத்தில் வெள்ளியாக மாற்றக்கூடாது, அங்கே விலை மிகவும் மோசம். வேறு எங்கே மாற்றுவது என்றும் தெரியவில்லை.

அதன் பிறகா? நீங்கள் தேனியில் ஏறினீர்கள். இந்த இடம் காலியா என்று கேட்டீர்கள். கவர் இருந்த பையை இருக்கையிலிருந்து எடுத்து நான் மடியில் வைத்துக்கொண்டேன்.